அம்மா ஏறினால் நிற்கும் வண்டி

"எழுந்திரிங்க சார். என்கூட வந்து வண்டியில உட்காருங்க."

நாற்காலியில் இருப்பவர்களை எழுந்திருக்கச் சொல்லாதே என்பது அம்மா எனக்குச் சொல்லி வளர்த்தவற்றில் முதலாவது. கேட்பதை நின்றுகொண்டே கேள், கொடுத்தால் வாங்கு, கொடுக்காவிட்டால் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடு. அம்மா பிறர் வீட்டில் தங்கி வேலை செய்கிறவள். அந்தப் பாடம் அவளுக்குச் சோறு போட்டது. எனக்கு அது கல்லூரி வரைக்கும் கூடவே வந்து, நான் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் தொண்டையிலேயே நிறுத்தி வைத்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பழைய கார் விற்கும் கம்பெனியின் மேலாளர். கனத்த உடம்பு. வாயை மூடினாலும் பாதிச் சிரிப்பு வெளியே நிற்கும் முகம். நாற்காலியை இப்படி அரை வட்டம், அப்படி அரை வட்டம் ஆட்டிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதும் நிறுத்தினார்.

"டெஸ்ட் டிரைவ் எல்லாம் எங்க ஒர்க்ஷாப் பசங்க பாத்துப்பாங்க மேடம்."

"மூணு தடவை பாத்தாங்க. மூணு தடவையும் 'பழுது எதுவும் இல்லை'ன்னு எழுதி அனுப்பிட்டீங்க."

"கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்தோம், ஒண்ணும் காட்டலை. எனக்கு இங்க வலிக்குதுன்னு வண்டி சொல்லணும்ல?"

"டாக்டர் வாசப்படி மிதிச்சதும் பல்வலி போயிடும். அதுக்காகப் பல்லு நல்லா இருக்குன்னு அனுப்பிடுவாங்களா?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. வாரன்டி என்பது எங்கள் ஆள் கண்ணெதிரே பழுது தெரிந்தால்தான் என்றார். சோதனை ஓட்டத்தின்போது வாடிக்கையாளர் வண்டியில் இருக்கக்கூடாது, அது விதி என்றார்.

"அதனாலதான் நீங்க வாங்கன்னு கூப்பிடறேன். நீங்க கம்பெனி ஆள்தானே? உங்க கண்ணெதிர்லயே நிக்கும். எனக்கு வேண்டியது உங்க கண்ணுகூட இல்ல சார், உங்க உடம்பு. எங்கம்மாவுக்கும் உங்களை மாதிரி கனத்த உடம்புதான்."

நான் மரியாதையில்லாமல் பேசுகிறேன் என்று அவர் முகம் சொன்னது. சொல்லட்டும். நான் மரியாதையாகப் பேசிய மூன்று முறையும் ஒரு காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியவர் அவர்.

அம்மா வேலை செய்யும் வீடு நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பகலில் ஒரு நர்ஸ் வந்து ஊசி, மருந்தைக் கவனிப்பாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் அம்மா. இரவில் அந்தக் கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுப்பாள். கிழவி இருமினால் எழ வேண்டும். இருமாவிட்டாலும், ஏன் இருமவில்லை என்று எழுந்து பார்க்க வேண்டும். நான் பள்ளியில் படிக்கும்போதிலிருந்து அம்மா அந்த வீட்டில்தான். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை அம்மா பார்த்ததே அந்த வீட்டின் பின்வாசலில் நின்றபடிதான். கை ஈரமாக இருக்கிறது என்று தொடாமல் பார்த்தாள்.

நான் மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தங்குவது பெண்கள் ஹாஸ்டலில். தனி வீடு எடுக்கிறேன், நீயும் வந்துவிடு என்று வேலை கிடைத்த புதிதில் சொன்னேன். "வயசுப் பொண்ணு தனியா வீடெடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. கல்யாணம் ஆகட்டும். எனக்குத்தான் தங்க இடம் இருக்கே" என்றாள். சரிங்க என்று சொல்லாத குறையாக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் பாத்திரம் கழுவி முடித்தபின் அம்மாவை வெளியே விடுவார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பேருந்தில் நான் போய்ச் சேர்வதற்குள்ளேயே அதில் பாதி போய்விடும். மீதியைப் பேருந்து நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் கழிப்போம். ஹாஸ்டல் அறைக்கு அவளைக் கூட்டிப்போக முடியாது. கீழே டிவி ஓடும் கூடத்தில், வரிசையாக உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களின் அப்பாக்களுக்கு நடுவே உட்கார அவளுக்குக் கூச்சம்.

அதனால்தான் வண்டி. சேர்த்ததையெல்லாம் போட்டு இந்தப் பழைய காரை வாங்கினேன். ஹாஸ்டலில் எல்லோரும் கேலி செய்தார்கள். அறைத்தோழி, "கல்யாணத்துக்குச் சேக்கற காசைத் தூக்கி எவளாவது தகர டப்பாவுல போடுவாளா?" என்றாள். அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வண்டிக்குப் பெயர் மாப்பிள்ளை. போனில் முதல் கேள்வியே, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு? வேளாவேளைக்குக் குடிக்கிறாரா?" என்பதுதான்.

முதல் ஞாயிறு அம்மா இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. வேற்று மனிதர் வீட்டு சோபாவில் உட்கார்வது போல.

"நல்லா சாஞ்சு உட்காரும்மா. நம்ம வண்டி."

"அழுக்காயிடப் போகுதுடி."

குனிந்து கீழே இருந்த பிடியை இழுத்து, இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளிச் சாய்த்துவிட்டேன். நீட்டிய தன் கால்களை, யாருடைய கால்களோ என்பது போல அம்மா பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். அடுத்த சிக்னல் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

நான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் ஒருத்தி நான் எழுதிய சோதனை அறிக்கையைத் தன் பெயரில் கொடுத்தது, அதற்கு நான் போட்ட சண்டை, ஒருவன் மூன்று நாளாகத் தேநீர் வாங்கித் தர நின்றது, அவனுக்கு என்ன பதில் சொல்வது. அம்மாவிடம் சொல்லாதவரை இவை எதுவும் நடந்து முடிந்ததாகவே எனக்குத் தோன்றாது. ஆனால் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கழுத்து நரம்பு தளர்ந்து, கைகள் இரண்டும் மடியிலிருந்து நழுவி, குழந்தை மாதிரி. பிரேக்கை அழுத்தாமல், பள்ளத்தில் விடாமல், ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். எனக்குப் பேச வேண்டும். அவளுக்குத் தூங்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் ஜெயித்தாள். பக்கத்தில் அவள் மூச்சு கேட்கும், அவளோ பக்கத்தில் இருக்க மாட்டாள். அந்த ஏக்கத்துக்கு நான் என்ன பெயர் வைப்பது? இறக்கிவிடும்போது, "ஐயோ, தூங்கிட்டேனா? எழுப்பக் கூடாதா பாவி?" என்பாள். அடுத்த வாரமும் நான் எழுப்ப மாட்டேன்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. முன்னறிவிப்பு இல்லை, சத்தமில்லை. எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் லாரி அலறியது. அம்மா தூக்கிவாரிப்போட எழுந்தாள்.

"நான் எதையாவது அமுக்கிட்டேனாடி?"

"நீ என்னத்தை அமுக்கப்போற, சும்மா இரு."

சாவியைத் திருப்பத் திருப்ப வண்டி எழவில்லை. தள்ளலாம் என்று அம்மா இறங்கினாள். இன்னொரு முறை திருப்பினேன், உயிர் வந்துவிட்டது. "மாப்பிள்ளை முறுக்கு" என்று சிரித்தாள் அம்மா. மீதி வழி முழுக்கத் தூங்காமல், சாயாமல், இருக்கையின் விளிம்பிலேயே உட்கார்ந்து வந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த முறை அடைமழை. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றாள். வீடு போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வீட்டுக்காரி கேட்டைத் திறக்காமலே, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என் முன்னாலேயே அம்மாவைக் கேட்டாள். "உனக்கென்ன, மகளோட ஊர் சுத்திட்டு வருவ. இங்க ஒரு உயிர் கிடக்குதுல்ல?"

அம்மா, "தப்புதாங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. "நாளைக்கு வராதடி. நான் ஏறினாத்தான் அது நிக்குது. உனக்கு ஓடுது, உன் சிநேகிதிக்கு ஓடுது. மாப்பிள்ளைக்கு என்னை ஆகலை."

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். விளையாடவில்லை.

"அது இரும்பும்மா! இரும்புக்கு உன்னையும் என்னையும் தெரியுமா?"

"நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. என் ராசி எனக்குத் தெரியாதா? நீயாவது நல்லபடியா ஓட்டிட்டு இரு."

அப்பா எங்களை விட்டுப் போனபோது அம்மாவின் ராசி என்றார்கள். அம்மா முதலில் வேலை செய்த வீட்டுக்காரர் வியாபாரத்தில் நொடித்தபோதும், இவள் கால் வைத்த நேரம் என்றார்கள். அவரவர் உடைத்ததையெல்லாம் கொண்டுவந்து அவள் தலையில் கொட்டினார்கள். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது ஒரு கம்பெனி ஒழுங்காகப் பார்க்காத வண்டியும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு நான் தனியாக ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி ஓடிற்று. அதைப்போல எரிச்சல் தந்த ஓட்டம் வேறில்லை. அதன்பின் வந்த ஞாயிறுகளில் ஓட்டவும் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் மாத்திரை விரிசல் விட்டால் மாத்திரையைத் திட்ட மாட்டோம். எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் விரிசல் விடுகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். அம்மாவுக்காகக் கோபப்பட்டது போதும் என்று ஒரு நாள் அதையே செய்தேன். வண்டியில் ஏறினால் அம்மா மட்டும் செய்வது என்ன? அறைத்தோழி ஒல்லி, கண்ணாடியில் முகம் பார்ப்பதற்காக இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்வாள். ஒர்க்ஷாப் ஆட்கள் தனியாகத்தான் ஓட்டுகிறார்கள். கடைசி வரை பின்னால் தள்ளி, முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்கிறவள் அம்மா ஒருத்திதான்.

ஹாஸ்டல் முற்றத்தில் குடிதண்ணீர் கேன்களைத் தூக்கி அந்த இருக்கையில் வைத்தேன். இருக்கை முன்னால் இருந்தபோது எஞ்சின் ஓடிற்று. பின்னால் தள்ளினேன். ஒரு செருமல், அடங்கிவிட்டது. கேன்களை இறக்கினேன், ஓடிற்று. ஏற்றினேன், நின்றது. மறுபடியும் இறக்கினேன், ஏற்றினேன். காவலாளி வந்து பார்த்துவிட்டு, "தண்ணி கேனுக்கு டிரைவிங் கத்துக் குடுக்கறியாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

கேன் வைத்தெல்லாம் பார்ப்பது விதியில் இல்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் நான் இந்த மேஜை முன் வந்து நின்றேன்.

மேலாளர் எழுந்தார். பக்கத்து மேஜைகள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் எழுந்தார். வண்டியில் ஏறி, அவரும் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

"சீட்டைப் பின்னால தள்ளுங்க. இன்னும். இப்ப சாயுங்க. கண்ணை மூடிக்கங்க."

"கண்ணை எதுக்கு மேடம்?"

"கண்ணைத் திறந்துகிட்டு யாரும் உடம்பை முழுசா விட மாட்டாங்க."

சந்தைப்பேட்டைக்குப் போகும் சாலையில் விட்டேன். சாய்ந்த சுகத்தில் அவருக்குப் பேச்சு வந்தது. இந்த மாடல் வண்டிக்குக் கிராக்கி அதிகம், போன மாதம் இதே போல ஒன்று வந்த அன்றே போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி அடங்கியது. நாலு பக்கமும் ஹாரன். ஒருவன் தலையை வெளியே நீட்டி எங்கள் இரண்டு பேருக்கும் பிறப்பு முதல் விளக்கம் கொடுத்தான்.

"இறங்குங்க சார்."

இறங்கினார். சாவியைத் திருப்பினேன், ஓடிற்று.

"ஏறுங்க."

ஏறிச் சாய்ந்தார். நின்றது. மேலாளர் தானாகவே இறங்கினார், தானாகவே ஏறினார். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி இன்னொரு முறையும் செய்து பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. அந்தப் பாதிச் சிரிப்பு எங்கே போயிற்றோ.

"பின்னால ஏறிக்கங்க சார், போகலாம்" என்றேன். முதலாளி மாதிரி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் இருக்கையைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த விரிப்பைக் கிழித்தார். இருக்கை நகரும் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு கட்டு ஒயர் சப்பையாகிக் கிடந்தது.

"பெட்ரோல் பம்புக்குப் போற ஒயரு இது. நசுங்கி நசுங்கி, நாளாவட்டத்துல உள்ள அறுந்து தொட்டுக்கிட்டு இருக்கு. பாரம் ஏறினா விட்டுடும். ஃப்ளோர் மேட் போடறப்போ சீட்டைத் திரும்ப மாட்டினவன் ஒயர் மேலயே வச்சு முறுக்கிட்டான்."

"யாரு மேட் போட்டது?" என்று கேட்டேன்.

மெக்கானிக் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் விரிப்பைப் பார்த்தார். விற்பதற்கு முன் உள்ளே எல்லாம் புதிதாக்கித் தருவோம் என்று அவர்கள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒயரிங் பொதுவா வாரன்டியில வராது மேடம். ஆனா இது எங்க சைடு. செஞ்சு குடுத்துடறோம்."

"அது அப்புறம். முதல்ல எங்கம்மாகிட்டப் பேசுங்க."

"நானா? அவங்ககிட்ட நான் என்ன பேசறது?"

"ஒயருதான், அவங்க இல்லைன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. சட்டையை இன் பண்ணின ஆம்பளை சொன்னா நம்புவா."

போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். அம்மா எடுத்ததும் அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கார் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"ஐயா, வணக்கங்க. பொண்ணு ஏதாச்சும் எடுத்தெறிஞ்சு பேசிட்டாளா? சின்னப் பொண்ணு, மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்லம்மா. வண்டியில ஒரு ஒயர் நசுங்கியிருந்துச்சு. எங்க ஆளுங்க செஞ்ச தப்பு. அதான் நின்னிருக்கு."

"சரிங்க ஐயா."

அந்தச் 'சரிங்க' எனக்குத் தெரியும். ஒன்றையும் நம்பாத சரிங்க. மேலாளருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. "நான் உட்கார்ந்து பாத்தேம்மா. எனக்கும் நின்னுடுச்சு" என்றார்.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான். நடு ரோட்டுல. எத்தனை தடவை ஏறினாலும் நிக்குது."

அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு குழாயை மூடுவது.

"அப்ப நான் இல்லையா?" என்றாள் அம்மா.

மேலாளர் என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்லம்மா. நீங்க இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

ஸ்பீக்கரை அணைத்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆளுக்கும் நின்னுடுச்சாமேடி! நல்லா கொழுகொழுன்னு இருப்பாரா?"

"ஞாயித்துக்கிழமை வர்றேம்மா. ரெடியா இரு."

சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கிழமையா? அது இனிமே தோதுப்படாதுடி. நான்தான் எங்கயும் போறதில்லைன்னு இங்க சொல்லிட்டேனே. நர்சுப் பொண்ணு அன்னிக்கு லீவு எடுத்துக்கறா. அவளுக்கும் ஒரு குழந்தை இருக்குல்ல. மாசத்துக்கு ஒருக்கா கேட்டுப் பாக்கறேன்."

"தூங்கறியாம்மா?"

"தூங்காம என்ன? அப்பப்ப கண்ணசர்றேன். கூப்பிடறாங்க, வச்சுடறேன்."

போனைக் கையில் பிடித்தபடி ஒர்க்ஷாப்பில் நின்றேன். கழற்றிய இருக்கை தரையில் கிடந்தது, சாய்ந்தபடியே. அதில் யாரையும் உட்கார வைக்க இனி எனக்கு ஒரு ஞாயிறுகூட இல்லை. அப்படியே கேட்டு வாங்கினாலும் என்ன கிடைக்கும்? இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டிய அம்மா. அவளுடைய தூக்கத்தை நான் சக்கரத்தில் வைத்து ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியது நீட்டிப் படுக்க ஒரு கட்டில், உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஒரு கதவு. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாலும் எழட்டும். அடுத்த அறையில் நான் என் கதைகளோடு உட்கார்ந்திருப்பேன். எழுந்து வந்து, தலைமுடியை முடிந்துகொண்டே, "என்னடி?" என்று கேட்பாள். அந்த "என்னடி" எனக்கு வேண்டும். ஒவ்வொரு நாளும் வேண்டும்.

மேலாளர் ஒரு படிவத்தோடு வந்து, என்னைத் தன் மேஜைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பழுது கம்பெனியுடையது என்று நிரூபணமானால் இரண்டு வழி, வாங்கியவர் விருப்பம். பழுதுபார்த்துக் கொடுப்பார்கள், அல்லது வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஓட்டியதற்குக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். முதல் கட்டத்தில் அவரே பேனாவை வைத்துக் காட்டினார்.

"இதுல ஒரு டிக் பண்ணிடுங்க மேடம். ரெண்டு நாள்ல புத்தம்புதுசா..."

நான் இரண்டாவதில் போட்டேன்.

"மேடம், கட்டம் மாறிடுச்சு."

"மாறலை."

"பழுதைக் கண்டுபிடிச்சாச்சே! இத்தனை நாள் ஓடாத வண்டியை வச்சுக்கிட்டு எங்களோட மல்லுக்கட்டினீங்க. ராஜா மாதிரி ஓடப் போற நேரத்துல திருப்பிக் குடுக்கறேங்கறீங்களே? நான் வேணா வாரன்டியை இன்னும் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்றேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"கேக்கறதா இல்லை."

வண்டிக்குத் திரும்பி வரும் பணம் வீட்டு முன்பணத்துக்கு. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் இன்றே வீடு பார்க்க ஆரம்பிப்பேன். சாவி கையில் வந்த பிறகுதான் அம்மாவுக்குச் சொல்வேன். நாலு பேர் என்று ஆரம்பிப்பாள். அந்த நாலு பேரும் வந்து கிழவியைப் புரட்டிப் போடட்டும் என்பேன். அழுவாள். அந்த வீட்டுக்காரி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள். கத்தட்டும்.

கையெழுத்துப் போட்டேன். வண்டிச் சாவியைப் படிவத்தின் மேல் வைத்தேன்.

"இப்ப எப்படிப் போவீங்க? யாரையாவது கொண்டு விடச் சொல்லட்டுமா மேடம்?"

"பஸ் இருக்கு சார்."

அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இம்முறை நான் சொல்லவில்லை. நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.